பால் கட்டிருச்சு, டீச்சர்

தொடக்கப்பள்ளியில் நான் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் படித்தவள். 2003இல் மலேசியா முழுவதும் வந்த மாற்றம் அது. 2004இல் ஆண்டு 1இல் சேர்ந்து, 2009இல் ஆண்டு 6 முடித்தேன். படித்தது என்னவோ தமிழ்ப்பள்ளிதான். ஆனால் 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லைப் பதினெட்டு வயதுவரை ஒருமுறைகூட எழுதியதில்லை. அப்படிப்பட்டவள் தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியராகப் பயிற்சிக்குப் போனேன்.

இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிந்து விண்ணப்பித்தபோது, நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: பட்டணத்தை விட்டுத் தள்ளியிருக்கும் உட்புறப் பள்ளிக்கு அனுப்பினால் போவாயா? சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிறந்து வளர்ந்ததே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில்தான், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர்.

அடிப்படைப் பயிற்சி, அப்புறம் எட்டுப் பருவம் பட்டப்படிப்பு. விரிவுரைகள் பெரும்பாலும் மலாயில். கலைச்சொல்லுக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் கட்டினேன்: ஆங்கிலம், மலாய், தமிழ். ஊகித்தலும் முன் அனுமானித்தலும் என்னை ஒரு பருவம் முழுக்கக் குழப்பின. பார்த்த ஒன்றுக்குக் காரணம் சொன்னால் ஊகித்தல். இனி என்ன நடக்கும் என்று சொன்னால் முன் அனுமானித்தல். எழுதினால் ஒரு வரிதான், வகுப்பில் வாய் தடுமாறும்.

பள்ளிக்குப் போய்க் கற்பித்துப் பழகும் பயிற்றுப்பணி மூன்று கட்டம்: 4 வாரம், 8 வாரம், 12 வாரம். முதல் இரண்டும் பட்டணத்துப் பள்ளிகளில் நன்றாகவே போயின. 2019இல் மூன்றாவதுக்கு ஒரு தோட்டப் பள்ளி கிடைத்தது. மொத்தமே 24 மாணவர்கள். முப்பதுக்கு மேல் போகாத பள்ளியில் வகுப்புகளைச் சேர்த்து நடத்துவார்கள். எனக்கு ஆண்டு 4ம் 5ம் ஒரே அறையில், ஒன்பது பிள்ளைகள்.

முதல் முறை விரிவுரையாளர் பார்வையிட வந்தபோது பாடம் படுத்துவிட்டது. இரண்டு ஆண்டுக்கும் தனித்தனி நாள் பாடத்திட்டம், தனித்தனி பயிற்றித்தாள் என்று இரவு இரண்டு மணிவரை தயாரித்திருந்தேன். ஆண்டு 4க்கு விளக்கி முடிப்பதற்குள் ஆண்டு 5 பயிற்றித்தாளை முடித்துவிட்டு மேசைக்கடியில் கல்லாட ஆரம்பித்துவிட்டது. பாடம் எப்படிப் போனது என்று எழுதும் சிந்தனை மீட்சிப் பகுதியில் 'நேர மேலாண்மை தேவை' என்று எழுதினேன். எல்லாரும் எழுதுவது அதைத்தானே.

அந்தப் பள்ளியிலேயே பல வருடம் இருந்த வழிகாட்டி ஆசிரியைதான் விஷயத்தைச் சொன்னார். "ரெண்டு பாடம் நடத்தாதம்மா. பொருள் ஒன்னு எடு, வேலைய ரெண்டாப் பிரி."

மறுவாரம் ஒரு பையன், தாத்தாவின் சின்னத் தோட்டத்திலிருந்து காலையில் வெட்டிய ரப்பர் பாலை மைலோ டின்னில் கொண்டு வந்தான். மூன்று கோப்பையில் ஒரே அளவு பால். ஒன்றில் ஒரு கரண்டி காடி (வினிகர்), அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. ஆண்டு 4க்கு உற்றறிந்து, நேரத்தை அளந்து அட்டவணையில் எழுதும் வேலை. ஆண்டு 5க்கு மாறிகள்: காடியின் அளவு தற்சார்பு மாறி, பால் கட்டும் (கெட்டியாகும்) நேரம் சார்பு மாறி, பாலின் அளவு கட்டுப்படுத்தப்பட்ட மாறி. இதே மாறிகளை வெண்பலகையில் மூன்று நாள் சொல்லியும் புரிய வைக்க முடியாமல் இருந்தேன்.

அப்போது அந்தப் பையன் கேட்டான்: "டீச்சர், மரத்துல கட்டுற மங்குல விட்டா பாலு தானாவே கட்டிப்போயிடுதே. அதுல யாரு காடி ஊத்துனா?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்றிரவு தேடிப் படித்தேன். பாலில் பெருகும் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறது, அந்த அமிலத்தில் பால் திரள்கிறது. திரளாமல் வைத்திருக்கத்தான் அம்மோனியா சேர்க்கிறார்கள். மறுநாள் சொன்னபோது அவன் ரொம்ப ஆச்சரியப்படவில்லை. "தாத்தா அம்மோனியா வாட வருதுன்னு திட்டுவாரு" என்றான்.

கணிதத்துக்கும் அதே டின்தான். பாலில் எல்லாமே ரப்பர் இல்லை, பெரும்பகுதி தண்ணீர். தாத்தாவின் 20 கிலோ பாலில் காய்ந்த ரப்பர் 35 விழுக்காடு என்றால் 7 கிலோ. காசு அந்த 7 கிலோவுக்குத்தான். விழுக்காடு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளை, "மீதி 13 கிலோ தண்ணியையா தாத்தா மோட்டார் சைக்கிள்ல வச்சித் தூக்கிட்டுப் போறாரு?" என்று கேட்டுச் சிரித்தது.

அறையில் அந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. விரிவுரையாளர் அடுத்த முறை வந்தபோது வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். புள்ளி நன்றாகத்தான் போட்டார், ஆனால் சன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லிக் குறிப்பும் எழுதினார்.

என் நோட்டில் 'கோஅகுலேஷன்' என்ற சொல்லுக்கு நேராகத் தமிழ்க் கட்டத்தில் 'திரளுதல்' என்று இருந்தது. ஒன்பது பேரில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை, எல்லாருக்கும் 'கட்டிருச்சு'தான். நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, அதை எழுதிக்கொண்டேன்.