இருபத்து நான்கு கல்லும் ஒரு கணக்கு வகுப்பும்

காரைக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். காரணிகள் பாடம். பட்டறையில் கழித்துப்போட்ட ஆத்தங்குடிக் கற்கள், அதாவது சதுரமான தரைக்கற்கள், 24 கிடைத்தன. வராந்தாவில் கொட்டி, "மிச்சம் விழாமல் செவ்வகமாக அடுக்குங்கள்" என்றேன். நாலு ஆறாக, மூணு எட்டாக, ரெண்டு பன்னிரண்டாக, ஒரே வரிசையாக என நான்கு விதமும் அவர்களே பிடித்துவிட்டார்கள். ஓரங்களை எண்ணச் சொன்னால், நாலு ஆறுக்குச் சுற்றளவு 20, மூணு எட்டுக்கு 22. கல் அதேதானே, சுற்றளவு மட்டும் எப்படிக் கூடுது என்று ஒரே சண்டை! அப்புறம் ஒரு கல்லை எடுத்து ஒளித்தேன். 23. என்ன புரட்டினாலும் ஒற்றை வரிசைதான். பகா எண்ணுக்கு வரையறை எழுதிப்போட வேண்டியிருக்கவில்லை.

சின்ன வகுப்புகளுக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியே போதும். 32இல் 17 போக வேண்டுமென்றால் ஒரு கட்டைப் பிரித்தே ஆகணும், கை தானாகப் போகும். பல்லாங்குழியும் உண்டு: 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. கொட்டானில் (ஓலைக்கூடையில்) புளியங்கொட்டையைப் பார்த்த ஓர் அப்பத்தா, "டீச்சரம்மா, பாடம் நடத்துறீகளா, விளையாடுறீகளா?" என்றார். ரெண்டும்தான் ஆத்தா!

அடுத்து பின்னம். பழைய முகத்தல் அளவையில் ஒரு படிக்கு ரெண்டு உரி, நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. அரை, கால், அரைக்காலை மணல் அளந்தே காட்டிவிடலாம். யார் வீட்டுப் பரணிலாவது பழைய படி, உழக்கு சும்மா கிடந்தால் இரவல் கொடுங்களேன். பழம்பொருள் கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது.