நீலமாகவே நின்ற குழிகள்

நான் வேதியியல்காரன். காசநோய்க் கிருமியோடு எனக்கு நேரடிப் பழக்கம் கிடையாது. நான் செய்து தரும் பொடியை பிஎஸ்எல் 3 என்னும் உயர் பாதுகாப்பு ஆய்வறைக்குள் எடுத்துப்போய்ச் சோதிப்பது நுண்ணுயிரியல் தோழியின் வேலை. அதுவரை காத்திருப்பது என் வேலை.

ஈ.கோலை கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் 96 குழித் தட்டில் கிருமியையும் சேர்மத்தையும் சேர்த்து வைத்தால், பதில் வர ஒரு வாரம். கடைசியில் ரெசாசுரின் சாயத்தை விடுவார்கள். கிருமி வளர்ந்திருந்தால் குழி இளஞ்சிவப்பாகும். அடங்கிவிட்டால் நீலமாகவே நிற்கும்.

எங்கள் சேர்மம் ஒன்று நீலமாக நின்றது. காசநோய்க்கு முதலில் தரும் ஐசோனியாசிட்டுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் அசையாத கிருமிகளிடமும் அப்படியே. தலைகால் புரியாத சந்தோஷம். ஏற்கெனவே இருக்கும் மருந்துகள் தொடாத ஏதோ ஓர் இடத்தை இது தொடுகிறது என்றுதானே அர்த்தம்? ஒரு வருடத்துக்கும் மேலாக அதையே திருத்திக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு ஃபுளோரின், அங்கே ஒரு வளையம். முன்பைவிடக் குறைந்த அளவிலேயே நீலம் வந்தது. கரையும் தன்மை கூடியது, கல்லீரல் நொதிகளுக்கும் தாக்குப்பிடித்தது.

அப்புறம் சுண்டெலி. ஒன்றும் நடக்கவில்லை. மருந்து ரத்தத்தில் இருந்தது, நுரையீரலிலும் போதுமான அளவு இருந்தது. கிருமி மட்டும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"தப்பிச்சதுகளைக் கேட்டுப் பார்ப்போம்" என்றார் தோழி. கோடிக்கணக்கான கிருமிகளைச் சேர்மம் கலந்த அகர் தட்டில் பரப்பினால், ஒன்றிரண்டு தற்செயலான மரபணு மாற்றத்தால் பிழைக்கும். அவற்றை வளர்த்து, மரபணுத் தொகுதியை வாசித்தால், மாறிய இடம் பெரும்பாலும் மருந்து எங்கே வேலை செய்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். பெடாகுவிலின் என்ற காசநோய் மருந்து, கிருமிக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறை உற்பத்தி செய்யும் நொதியைப் பிடிக்கிறது என்பது இப்படித்தான் தெரிந்தது. அந்த ஆய்வு 2005-இல் வெளியானது. அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2012 டிசம்பரில். நோயாளியிடம் நாம் பயப்படும் அதே எதிர்ப்பு, ஆய்வகத்தில் நமக்கு உளவாளி.

அகர் தட்டில் கூட்டம் முளைக்கவே மூன்று நான்கு வாரம். வாசித்து முடித்தபோது, பிழைத்த எல்லாவற்றிலும் பழுதாகியிருந்தது ஒரே மரபணு: கிளிசராலைச் செரிக்கத் தொடங்கும் கைனேஸ் நொதிக்கானது.

கிளிசரால் எங்கிருந்து வந்தது? எங்கள் வளர்ப்பு ஊடகத்திலிருந்துதான். கிருமி நன்றாக வளரட்டும் என்று நூறு வருடத்துக்கும் மேலாக எல்லோரும் சேர்ப்பது. அதைத் தின்னும்போது உண்டாகும் கிளிசரால் பாஸ்பேட் எங்கள் சேர்மத்தால் உள்ளேயே தேங்கி, கிருமி தன் சாப்பாட்டாலேயே நஞ்சேறிச் செத்திருக்கிறது. நுரையீரலில் அது பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களையும் கொலஸ்டிராலையும் தின்று வாழ்கிறது. அங்கே எங்கள் சேர்மத்துக்கு என்ன வேலை?

இதே கதை வேறொரு குழுவுக்கு நடந்து 2010-இலேயே கட்டுரையாக வந்திருக்கிறது. நானும் படித்திருந்தேன். படித்துவிட்டு, அது அவர்களுடைய சேர்மத்தின் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அழகான மூலக்கூறு கையில் இருந்தால் வேதியியல்காரனுக்கு வரும் குருட்டுத்தனம் அது. அந்த அகர் தட்டை முதல் மாதமே போட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அந்த நேரத்தில் இன்னும் பத்து சேர்மம் செய்துவிடலாம் என்பது என் கணக்கு.

அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. பழைய மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு முன்பெல்லாம் 18 மாதத்துக்கும் மேல், காதைச் செவிடாக்கக்கூடிய ஊசிகளோடு நடந்த சிகிச்சையை, பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினசோலிட் கூட்டணி ஆறு மாத மாத்திரைகளாகச் சுருக்கியது. ஆனால் பெடாகுவிலினுக்கும் அடங்காத கிருமிகள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன.

இப்போது ஒவ்வொரு புதிய சேர்மத்துக்கும் இரண்டு தட்டு. ஒன்றில் கிளிசரால், மற்றதில் கொழுப்பு அமிலம். போன வாரம் பன்னிரண்டு கொடுத்தேன். முதல் தட்டில் ஐந்து நீலம். இரண்டாவதில் ஒன்று, அதுவும் கொஞ்சம் ஊதா. தோழி அதைப் படம் எடுத்து அனுப்பி, "இது நீலமா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.