மேற்கத்தியரையும் பிடித்து வைக்கும் ஜப்பான் ஆர்.பி.ஜி.

துப்பாக்கி ஆட்டமே ஆடிப் பழகிய மதுரைப் பசங்களுக்கு ஜப்பான் ஆர்.பி.ஜி. (கதையில் ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேம்) அரை மணி நேரத்தில் சலித்துவிடும். மேற்கத்திய ஆட்டக்காரர்கள் பலருக்கும் இதே சிக்கல்தான். டிராகன் குவெஸ்ட் 11 இதற்கு அருமையாக வழி கண்டது. 2017இல் ஜப்பானில் குரலே இல்லாமல் வந்த ஆட்டம் அது. 2018 மேற்கத்தியப் பதிப்பில் ஆங்கிலக் குரல், வேகமாக ஓடும் வசதி, டிராகோனியன் குவெஸ்ட் என்ற கடின முறை எல்லாம் சேர்த்தார்கள்.

அந்தக் கடின முறையை ஆட்டம் தொடங்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் வேண்டாமென்றால், ஆட்டத்துக்குள் சேவ் பண்ணும் இடமாக வரும் தேவாலயத்தில் அதை நிறுத்தலாம். மறுபடி போட முடியாது. அதில் உள்ள தேர்வுகளில் எதிரிகளைப் பலமாக்கும் ஒன்றே போதும். கடையில் வாங்கத் தடை, கவசத் தடை இரண்டும் முதல் தடவைக்கு வேண்டவே வேண்டாம்.

கூட்டாளிகளைத் தானாகச் சண்டை போட விட்டால், மந்திர சக்தி வேண்டிய நேரத்தில் தீர்ந்து கிடக்கும். பெரிய எதிரிக்கு முன்னால் எல்லாரையும் நம் கட்டளைக்கு மாற்றிவிடுங்க. கரண்ட் போகும் ஊர் இது, தேவாலயத்தைப் பார்த்தாலே சேவ் பண்ணிடுங்க.