ஒரு விருதுக் கோவைக்குப் பின்னால் இருந்த கலண்டர் தாள்கள்

வன்னியில் பணியாற்றும் பிராந்தியச் செய்தியாளர் ஒருவரை யுனெஸ்கோவின் கியர்மோ கானோ உலகப் பத்திரிகைச் சுதந்திர விருதுக்குப் பரிந்துரைக்க நானும் நண்பர்கள் இருவரும் முடிவெடுத்தபோது, படிவம் ஒன்றை நிரப்பினால் போதும் என்றே எண்ணியிருந்தோம்.

கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் தமது பத்திரிகை அலுவலகத்தின் முன்பாக 1986 டிசம்பர் 17 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட ஆசிரியரின் பெயரைத் தாங்கிய அந்த விருது எங்களுக்கு அந்நியமானதன்று. 2006 இல் அது லெபனான் ஊடகவியலாளர் மே சிடியாக்கிற்குக் கொழும்பில்தான் வழங்கப்பட்டது. அதற்காக வெளிநாட்டு விருந்தினர்கள் அங்கே கூடியிருந்த மே 2 ஆம் திகதியன்றுதான் யாழ்ப்பாணத்தில் உதயன் நாளிதழின் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர்கள் இருவரைக் கொன்றார்கள். 2009 இல் இலங்கைப் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு அவ்விருது கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை; அவ்வாண்டு ஜனவரியிலேயே கொல்லப்பட்டிருந்தார். செய்தியாளரான எங்கள் நண்பரின் பெயர் அவர் வாழும்போதே வெளியே தெரிய வேண்டும் என்ற தவிப்பில்தான் இந்த வேலையைத் தொடங்கினோம்.

ஒருவர் தம்மைத் தாமே பரிந்துரைக்க இயலாது. நாடுகளோ, பத்திரிகைச் சுதந்திரத்துக்காகச் செயற்படும் சர்வதேச, பிராந்திய அமைப்புகளோதான் பரிந்துரைக்கலாம். எனவே வெளிநாட்டு அமைப்பொன்றை அணுகினோம். ஒவ்வோர் அச்சுறுத்தலுக்கும் ஆதாரம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ஊரறிந்த சம்பவங்களுக்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. விசாரணைக்கான அழைப்புகள் எல்லாம் தொலைபேசியில் வந்தவை. ஒருமுறை செய்த பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

வழி காட்டியவர் அவருடைய மனைவி. கணவர் எப்போது அழைக்கப்பட்டார், எத்தனை மணிக்கு வீடு திரும்பினார், எந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது என்பவற்றை அவர் தினக்கலண்டர் தாள்களில் குறித்துக் கிழிக்காமல் வைத்திருந்தார். அவற்றை வெளியான செய்திகளின் திகதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, காணி அபகரிப்புப் பற்றிய ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் சில நாட்களுக்குள் ஓர் அழைப்பு வந்திருப்பது தெரிந்தது. அந்தத் தாள்களை ஆதாரமாகக் கொண்டே சத்தியக்கடதாசியைத் தயாரித்தோம்.

மொழிபெயர்ப்பிலும் கவனம் தேவைப்பட்டது. ஆறு மணித்தியால விசாரணையை வெறும் சந்திப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் மொழிபெயர்ப்பாளர் குறித்திருந்தார். நண்பர் அதை ஏற்க மறுத்தார், அவர் மறுத்தது முற்றிலும் சரி. எழுத்துமூலச் சம்மதம் தருவதற்கு அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். தமக்குத் தகவல் தந்தவர்களின் பெயர்களைப் பரிந்துரைக் கோவையிலிருந்து முழுமையாக நீக்க வேண்டும் என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை. அதனால் வலுவான இரு சம்பவங்களை நாங்கள் கைவிட நேர்ந்தது.

அவ்வாண்டு விருது வேறொருவருக்குச் சென்றது. கோவையின் பிரதி இப்போது நண்பருடைய சட்டத்தரணியிடம் இருக்கிறது. கலண்டர் தாள்களை மட்டும் திருப்பித் தருமாறு அவருடைய மனைவி கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த ஆண்டுக் கலண்டரிலும் அவர் குறித்து வருகிறார்.