மாத்திரை வேளை

ஏப்ரல் 4
சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். பூனைக்காலி விதைப் பொடி சாப்பிட்டால் பார்க்கின்சன் வேரோடு போய்விடுமாம். அப்பாவுக்கு இருக்கிற, கை நடுங்கி நடை தளரும் அதே நரம்பு நோய். பேசுகிறவர் யார், என்ன படித்தவர் என்று கடைசி வரை சொல்லவில்லை. பொடியின் விலையை மட்டும் மூன்று தடவை சொன்னார். அழித்துவிட்டேன். அதற்குள் அதே வீடியோ அப்பா போனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 5
காலை மாத்திரைக்கு அப்புறம் நடை பரவாயில்லை.

ஏப்ரல் 6
முழுப்பொய்யாக இருந்தால் ஒரே பேச்சில் முடித்திருப்பேன். பார்க்கின்சனில் மூளையில் குறைந்துபோவது டோபமைன் என்ற பொருள். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து லெவோடோபா. பூனைக்காலி விதையில் அது நிஜமாகவே இருக்கிறது. அப்பா போடும் மாத்திரையிலும் அதுதான், கூடவே கார்பிடோபா என்ற துணை மருந்து. அது இருப்பதால்தான் மருந்து மூளைக்குப் போகும் முன்பே டோபமைனாக மாறி வீணாவதில்லை, குமட்டலும் குறைகிறது. பொடியில் கார்பிடோபா கிடையாது.

பொலிவியாவில் இந்த விதைப் பொடியை 18 பேருக்கு ஒரு வேளை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு, 2017-இல் வந்தது. பலன் நன்றாகவே இருந்திருக்கிறது. சித்தப்பா வகையறா கையில் பிடித்திருப்பது இதைத்தான். அடுத்த வருடம் 14 பேருக்குப் பல வாரம் கொடுத்த ஆய்வு வந்தது. பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள், பெரும்பாலும் வயிறு தாங்காமல். அதை யாரும் ஃபார்வேர்ட் செய்ய மாட்டார்கள்.

பொடி டப்பாவில் எத்தனை கிராம் என்று இருக்கிறது. உள்ளே லெவோடோபா எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. ஏற்கெனவே மூன்று வேளை மாத்திரை போடுகிறவருக்கு இதையும் கலந்து கொடுத்தால் மொத்தம் எவ்வளவு போகும்? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 7
ராத்திரி இரண்டு மணிக்கும் போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். கோ-என்சைம் க்யூ10 என்கிற சத்து மாத்திரையை வாங்கச் சொல்லி ஒரு பக்கம். 600 பேரை வைத்துச் செய்த ஆய்வில் அது பலன் தரவில்லை என்று 2014-லேயே வந்தாயிற்று. இன்னும் விற்கிறார்கள்.

ஏப்ரல் 9
"பருப்பு, முட்டை, பால் கூடவே கூடாதாம்ல?" என்று அம்மா. ஏற்கெனவே இளைத்துப்போனவரைப் பட்டினி போடவா? அதிலெல்லாம் இருக்கும் புரதம், மருந்து உறிஞ்சப்படுவதற்குப் போட்டியாக நிற்கும், அவ்வளவுதான். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் போதும் என்று போன தடவையே டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு அது கேட்கவில்லை, வீடியோதான் கேட்கிறது.

ஏப்ரல் 11
உலகப் பார்க்கின்சன் தினம். ஸ்டேட்டஸ் எல்லாம் அதன் சின்னமான சிவப்பு துலிப் பூ. நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த நாள் இது. 1817-இல் இந்த நோயைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் மொத்தம் ஆறு நோயாளிகள், அதிலும் சிலர் தெருவில் கண்டவர்கள். அதை ஒளிக்காமல் அப்படியே எழுதியிருக்கிறார். இருநூறு வருஷத்துக்கு அப்புறம் நம் ஆட்கள் "ஆயிரக்கணக்கானோர் குணமடைந்தனர்" என்கிறார்கள். எந்த ஊரில்?

ஏப்ரல் 12
ஸ்டெம் செல் ஊசியாம், வேறு செல்லாக வளரக்கூடிய மூலச்செல்லை உடம்பில் ஏற்றுவது, செலவு லட்சக்கணக்கில். அத்தான் விசாரித்துவிட்டே வந்திருக்கிறார். பார்க்கின்சனுக்கு அது நம் நாட்டில் இன்னும் ஆய்வு நிலையில்தான், ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு போடக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டியிலேயே இருக்கிறது. காட்டினேன். "உனக்கு எல்லாம் தெரியும்" என்று எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 14
வருஷப்பிறப்பு. புது நோட்டில் அப்பா பால் கணக்கு எழுதினார். முதல் வரி பெரிசாக ஆரம்பித்தது. மூன்றாவது வரிக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி சுருங்கிவிட்டது. பார்த்தும் பார்க்காத மாதிரி பாயசம் கொண்டுபோய் வைத்தேன்.

ஏப்ரல் 15
"அதுவும் மருந்துதானே, இதுவும் மருந்துதானே. ஒரு கரண்டி போட்டுப் பார்த்தா என்னட்டி?"
அப்பாவுக்கு என்னிடம் கோபம் இல்லை. அதுதான் கஷ்டம்.

ஏப்ரல் 16
டாக்டர் நாளை பத்தரைக்கு. பழைய சீட்டு, மாத்திரை அட்டை, பொடி டப்பா மூன்றையும் பையில் வைத்தாயிற்று. டப்பாவை அப்பாவே எடுத்துக் கொடுத்தார். மூடி திறந்திருக்கிறது.