பந்து வருவதற்கு முன்பே பார்த்தவர்

எண்பதுகளில் எங்கள் கல்லூரியில் உதைபந்தாட்டம் பழகிய எவரும் மாஸ்டரின் விரல்களை மறந்திருக்க மாட்டார்கள். எதிரே நிற்பவன் பந்தை உதைத்து அனுப்புவான். அது நம்மை நோக்கி உருண்டு வந்துகொண்டிருக்கும்போது மாஸ்டர் நமக்குப் பின்னால் எங்கோ நின்று கையை உயர்த்துவார். பந்து காலில் படுவதற்கு முன் அவர் காட்டுவது எத்தனை விரல் என்று உரத்துச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறியவன் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். பந்தைப் பார், திரும்பிப் பார், மறுபடி பந்தைப் பார். மாலை முழுவதும் இதுதான் பயிற்சி. கோலுக்கு அடித்துப் பழக ஏங்கிய எங்களுக்கு அது பெரிய தண்டனையாகவே இருந்தது.

எனக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு. மாரி தொடங்கினால் இரவில் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி விடியும். உடம்பும் சிறியது. 17 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் தெரிவு செய்த நாளில் என்னைவிட ஒரு சாண் உயர்ந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். மாஸ்டர் என்னை நடுவில் விளையாட நிறுத்தினார். "ஓடுகிறவர்கள் ஓடட்டும், நீ பார்த்துக் கொடு, தம்பி" என்றார். அந்த ஒரு பருவம் முழுவதும் அப்படியே விளையாடினேன். அதன் பிறகு நாட்டு நிலைமை எல்லோரையும் எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தது. என்னை வட இங்கிலாந்தில், மன்செஸ்டருக்கு அருகில் சேர்த்தது.

அங்கேதான் மன்செஸ்டர் யுனைட்டெட் அணிக்காகப் போல் ஸ்கோல்ஸ் விளையாடுவதைக் கண்டேன்.

அவரைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது அவர் சிறிய உருவம் உடையவர் என்பதைத்தான். உயரம் 5 அடி 6 அங்குலம். அவருக்கும் தொய்வு உண்டு. வளரும் வயதில் முழங்காலில் வலி தரும் ஒஸ்குட் ஷ்லாட்டர் என்னும் நோயும் இருந்தது. 1974 நவம்பரில் சல்போர்டில் பிறந்து, பக்கத்தில் உள்ள மிடில்டனில் பள்ளிக்குப் போன அந்தச் செந்தலைப் பையனை முதலில் பார்த்தபோது, இந்த உடம்போடு தேறுவானா என்று அணியின் முகாமையாளர் அலெக்ஸ் பெர்குசனே ஐயப்பட்டார். பெக்கம், கிக்ஸ், நெவில், பட் என்று பேர்போன 1992 இளையோர் அணி கிண்ணம் வென்ற இறுதியாட்டத்தில் ஸ்கோல்ஸ் இல்லை. அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் விளையாடினார், லீட்ஸிடம் தோற்றார்கள். 1994 செப்டெம்பரில் லீக் கிண்ணப் போட்டியில் போர்ட் வேல் அணிக்கு எதிராக முதன்முதலாக முதலாம் அணியில் இறக்கப்பட்டார். இரண்டு கோல் அடித்தார். சில நாள்களில் இப்ஸ்விச்சில் தனது முதல் லீக் ஆட்டத்திலும் ஒரு கோல். அதற்குப் பிறகு உயரத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைந்துபோனார்கள்.

ஆரம்பத்தில் அவரை முன்கள வீரராகத்தான் வைத்திருந்தார்கள். நடுக்களத்துக்கு இறங்கிய பிறகே ஸ்கோல்ஸ் முழுமையான ஸ்கோல்ஸ் ஆனார் என்பது என் எண்ணம். தொலைக்காட்சியில் அவரைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பந்து அவரிடம் வந்த பிறகு பார்க்காதீர்கள், வருவதற்கு முன்னுள்ள இரண்டு விநாடிகளைப் பாருங்கள். இடத் தோளுக்கு மேலாக ஒரு பார்வை, வலத் தோளுக்கு மேலாக ஒரு பார்வை, பிறகு பந்து. எதிரணி வீரன் முதுகில் மோத வருவதற்குள் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டிருக்கும். 40 யார், 50 யார் தூரம் குறுக்கே அனுப்பும் பந்துகள், தபால்காரர் வீட்டு இலக்கம் பார்த்துக் கடிதம் போடுவது போல ஓடுகிறவனின் காலடியில் போய் விழும். பயிற்சி மைதானத்தில் வேலியோரம் ஒதுங்கி நின்ற நெவிலின் மேல் 40 யார் தூரத்திலிருந்து குறி தவறாமல் பந்தை அடித்த கதையைச் சக வீரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

1998-99 பருவத்தில் மன்செஸ்டர் யுனைட்டெட் மூன்று கிண்ணங்களை ஒருசேர வென்றது உலகறிந்த செய்தி. அந்தப் பருவத்தில் ஸ்கோல்ஸுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும் இரண்டுமே பெரிது. ஏப்ரலில் தூரின் நகரில் யுவென்டஸுக்கு எதிரான அரையிறுதியில் மஞ்சள் அட்டை பெற்றதால், பார்சிலோனாவில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவரும் அணித்தலைவர் கீனும் விளையாட முடியவில்லை. ஆனால் அதற்குச் சில நாள்கள் முன்பு, மே 22 அன்று, லண்டன் வெம்பிளி மைதானத்தில் நியூகாசிலுக்கு எதிரான எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தை அவர்தான் முடித்து வைத்தார். முதல் கோலை ஷெரிங்ஹாம் அடிக்கப் பந்து கொடுத்தவர் அவர். இரண்டாவது கோல் அவருடையதே.

போரால் மூடிக்கிடந்த, வடக்கே செல்லும் ஏ9 பாதை 2002இல் திறந்ததும் ஊருக்குப் போனேன். பெட்டியில் மாஸ்டருக்கென்று ஒரு வீடியோ நாடா வைத்திருந்தேன். அதில் அந்த எஃப்.ஏ. கிண்ண ஆட்டமும், 2000 மார்ச்சில் பிராட்போர்டுக்கு எதிராக ஸ்கோல்ஸ் அடித்த கோலும் பதிவாகியிருந்தன. மாஸ்டர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்வை சற்று மங்கியிருந்தது. தொலைக்காட்சிக்கு மிக அருகில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருமகள் டெக்கை இயக்கினார்.

பிராட்போர்ட் கோல் வந்தது. மூலை உதைக்குப் பெக்கம் நிற்கிறார். எல்லோரும் கோலுக்கு முன்னால் முண்டியடிக்கிறார்கள். ஸ்கோல்ஸ் மட்டும் தண்டப் பெட்டிக்கு வெளியே தனியே நிற்கிறார். பெக்கம் பந்தைக் கூட்டத்துக்குள் அனுப்பவில்லை. பின்பக்கமாக ஸ்கோல்ஸை நோக்கி உயர்த்தி அனுப்புகிறார். அது தரையைத் தொடவேயில்லை. வந்த வேகத்தில் வலக்காலால் ஒரே அடி. வலைக்குள்! அறையில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். மாஸ்டர் கையை உயர்த்தி, "பின்னுக்கு விடு" என்றார். மறுபடி பார்த்தார். மறுபடியும். கோலை அவர் பார்க்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெக்கம் பந்தை வைக்கும் நேரத்தில் ஸ்கோல்ஸ் எங்கே நிற்கிறார், யார் அவரைக் கவனிக்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "இந்தப் பையனுக்கு யார் பழக்கினது, தம்பி?" என்று கேட்டார். எரிக் ஹரிசன் என்றொருவர், யுனைட்டெட்டின் இளையோர் அணிப் பயிற்றுநர் என்று சொன்னேன். பெயரை ஒருமுறை தன் வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாடாவை அவரிடமே விட்டு வந்தேன்.

இங்கிலாந்து தேசிய அணி ஸ்கோல்ஸை நடத்திய விதம்தான் எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை. நன்றாகத்தான் தொடங்கியது. 1998 உலகக் கிண்ணத்தில் மார்செயில் நகரில் துனீசியாவுக்கு எதிராகக் கோல். 1999 மார்ச்சில் வெம்பிளியில் போலந்துக்கு எதிராக மூன்று கோல்கள். அதே ஆண்டு நவம்பரில் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்கொட்லாந்துக்கு எதிராக இரண்டு. பிறகு ஜெராட்டும் லம்பாட்டும் வந்தார்கள். இருவரும் திறமைசாலிகள், அதில் எனக்கு மறுப்பில்லை. அவர்கள் இருவரையும் நடுவில் நிறுத்துவதற்காக, தேசிய அணிப் பயிற்றுநர் எரிக்சன் ஸ்கோல்ஸை இடப்பக்க ஓரத்துக்குத் தள்ளினார். நாலாபுறமும் பார்த்து விளையாடுகிறவனைக் கோட்டோரத்தில் நிறுத்தினால் அவனுக்குப் பாதி மைதானம் இல்லாமல் போகிறது. 2004 ஐரோப்பியக் கிண்ணத்தில் போர்த்துக்கலிடம் பனால்டியில் தோற்று வந்த பிறகு, ஓகஸ்ட் மாதத்தில், 29 வயதில், தேசிய அணியிலிருந்து விலகிக்கொண்டார். குடும்பத்துக்காக என்றார். 66 ஆட்டங்கள், 14 கோல்கள். அதோடு முடிந்தது. பார்சிலோனாவின் நடுக்கள வீரர் சாவி, கடந்த 15, 20 ஆண்டுகளில் தான் கண்ட நடுக்கள வீரர்களில் ஸ்கோல்ஸே சிறந்தவர் என்று சொன்னார். ஸ்பானியர் கண்டதை ஆங்கிலேயர் காணவில்லையே என்று அப்போது மனம் கொதித்தேன்.

அவரிடம் குறை இல்லாமலில்லை. எதிரணியிடமிருந்து பந்தைப் பறிக்கப் போகும்போது அவர் நேரம் தவறிப் போவார். கால் ஆளின் மேல் படும். 1999 ஜூனில் சுவீடனுக்கு எதிராகச் சிவப்பு அட்டை பெற்று, வெம்பிளியில் வெளியேற்றப்பட்ட முதல் இங்கிலாந்து வீரர் ஆனார். அவருடைய ரசிகர்கள் இதைச் செல்லமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். அடி வாங்கிய கணுக்கால்களை நினைத்தால் எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

2005 முடிவில் ஒரு சோதனை வந்தது. கண் மங்கத் தொடங்கியது. பார்வையையே மூலதனமாக வைத்து விளையாடியவருக்குப் பார்வையிலேயே கோளாறு! அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களில் கடைசி ஒன்றைத் தவிர எதிலும் அவர் இறங்கவில்லை. இத்தோடு முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள். ஆனால் 2006 ஒக்டோபர் 22 அன்று, யுனைட்டெட்டுக்காகத் தன் 500ஆவது ஆட்டத்தில், லிவர்பூலுக்கு எதிராக முதல் கோலை அவரே அடித்தார்.

2008 ஏப்ரல் 29 இரவைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை எதற்கு? சம்பியன்ஸ் லீக் அரையிறுதி, பார்சிலோனா அணி யுனைட்டெட்டின் மைதானமான ஓல்ட் ட்ரபோர்டுக்கு வந்திருக்கிறது. முதல் ஆட்டத்தில் எவரும் கோல் அடிக்கவில்லை. 14ஆவது நிமிடத்தில் சம்ப்ரோத்தா தவறாகத் தட்டிய பந்து ஸ்கோல்ஸின் பக்கம் வருகிறது. கோலுக்கு ஏறத்தாழ 25 யார். ஒரு தட்டு, அடுத்தது அடி. வெளிப்பக்கமாகச் சுழன்று மேல் மூலைக்குள் போனது. 1-0, அதுவே முடிவு. 1999இல் இறுதியாட்டத்தைத் தவறவிட்டவருக்கு, அணி இறுதிக்குப் போனால் உனக்கு நிச்சயம் இடமுண்டு என்று பெர்குசன் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார். மொஸ்கோவில் செல்சியை எதிர்த்து முதல் பதினொருவரில் இறங்கினார். மூக்கில் இரத்தம் வழிய விளையாடினார். கிண்ணம் வென்றார்கள்.

2011 மே 31 அன்று ஓய்வு அறிவித்தார். ஓகஸ்டில் அவருக்கான கௌரவ ஆட்டம், நியூயோர்க் கொஸ்மொஸ் அணியோடு. நானும் மகனும் போயிருந்தோம். வழக்கமான லீக் ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு; அன்றைக்குக் கிடைத்தது. தொடங்கிப் பத்து நிமிடமளவில் தூரத்திலிருந்து ஒரு அடி, வலைக்குள். அவருக்குக் கொண்டாடத் தெரியாது. கையை ஒருமுறை உயர்த்திவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஆட்டம் போகப் போக, பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பார்க்கும்படி மகனிடம் சொன்னேன். சிறிது நேரத்தில் அவனாகவே, "அப்பா, இப்போது வலப்பக்கம் கொடுப்பார்" என்று முன்கூட்டிச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

ஓய்வு நிலைக்கவில்லை. 2012 ஜனவரி 8 அன்று மன்செஸ்டர் சிற்றிக்கு எதிரான எஃப்.ஏ. கிண்ண ஆட்டத்தில், 22ஆம் இலக்கச் சட்டையோடு மாற்று வீரராக இறங்கினார். அந்த ஆட்டத்துக்கென்று கடையில் 40 பவுணுக்குப் புதிய காலணி வாங்கிக்கொண்டு வந்தாராம். ஒரு பந்தைத் தவறாகக் கொடுத்து, அது எதிரணிக்குக் கோலாகவும் ஆனது. அடுத்த வாரம் போல்டனுக்கு எதிராகக் கோல் அடித்தார். 2013 மே 19 அன்று வெஸ்ட் புரோம்விச்சில் 5-5 என்று முடிந்த, பெர்குசனின் கடைசி ஆட்டமே அவருடையதும். மொத்தம் 718 ஆட்டங்கள், 155 கோல்கள், 11 பிரீமியர் லீக் பட்டங்கள், எல்லாம் ஒரே கழகத்துக்காக. பிறகு 2019இல் தன் சிறுவயது அபிமான அணியான ஓல்டாமின் முகாமையாளராக 31 நாள்கள் இருந்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

நம் சங்கத்தில் ஜெராட் அபிமானிகள் பலர் உண்டு. லம்பாட்டின் கோல் கணக்கை ஒப்புவிப்பவர்களும் உண்டு. வரும் கோடை ஒன்றுகூடலுக்கு அவர்கள் தங்கள் வாதங்களோடு வரட்டும். பார்சிலோனா ஆட்டத்தின் முழு ஒளிப்பதிவும் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். 90 நிமிடங்களும் உட்கார்ந்து பார்க்கச் சம்மதிப்பவர்களோடு மட்டுமே வாதாடுவேன்.