அம்மாவின் கைத்தொலைவும் டேப்லெட்டின் எழுத்தும்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கடந்த மழைக்காலத்தில் 8 அங்குல டேப்லெட் ஒன்று வாங்கினேன். அதன் திரையில் 1280க்கு 800 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள்; அங்குலத்துக்கு ஏறத்தாழ 189. அதில் நாளிதழ் படித்த அம்மா, எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கிறது என்று மகிழ்ந்தார். கல்லூரியில் படிக்கும் என் மகளோ, “ஓரமெல்லாம் பிசிறாக இருக்கிறதே அப்பா, பாட்டிக்கு இது எப்படிச் சரிப்படும்?” என்று கேட்டாள். இருவர் சொன்னதும் உண்மை என்பது அளவு நாடாவை எடுத்தபோதுதான் விளங்கியது. அம்மா திரையைக் கண்ணிலிருந்து 45 செ.மீ. தள்ளிப் பிடித்திருந்தார், மகள் 25 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்த்தாள்.

குறையில்லாத பார்வை என்று மருத்துவர்கள் 6/6 எனக் குறிப்பது, கோணத்தில் ஒரு பாகையின் (டிகிரியின்) அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும் திறனை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் சாலையில் இரவில் வரும் வண்டியை மேலிருந்து பார்த்தால், முதலில் ஒற்றை ஒளியாகத் தெரிவது நெருங்க நெருங்க இரண்டு விளக்குகளாகப் பிரியும். விளக்குகளுக்கு இடையிலான ஒன்றரை மீட்டர் இடைவெளி ஒரு கலையாகச் சுருங்குவது சுமார் 5 கி.மீ. தொலைவில், கண்கூச்சமும் மூடுபனியும் சேர்ந்தால், வண்டி இன்னும் அருகில் வந்த பிறகே விளக்குகள் பிரியும். பிக்சல்களுக்கும் இதே கணக்குதான். 25 செ.மீ. தொலைவில் அவை ஒன்றாகக் கலக்க அங்குலத்துக்குச் சுமார் 350 தேவை, 30 செ.மீ.க்கு 290, 45 செ.மீ.க்கு 195 போதும்.

2010ல் ஐபோன் 4 வெளியானபோது, 10 முதல் 12 அங்குலத் தொலைவில் பிடிக்கும் கருவிக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல்கள் அளவில் இருந்தால் போதும் என்றார் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ். அதன் திரையில் 326 இருந்தன. திரை வல்லுநர் ரேமண்ட் சொனீரா, மிகக் கூரிய கண் 0.6 கலை வரை பிரித்தறியும் என்பதால் 12 அங்குலத்துக்கு 477 வேண்டும் என்று மறுத்தார். அவர்களுடைய எண்களைவிட, இருவருமே தொலைவைச் சேர்த்துப் பேசியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடையில் நமக்குச் சொல்லப்படும் எண்ணில் அந்தத் தொலைவு விடுபட்டுப்போகிறது.

தமிழ் எழுத்துக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. ஒரு கோட்டில் ஏற்படும் சிறு விலகலைக் கண் ஒரு கலையைவிடப் பன்மடங்கு நுட்பமாக உணரும். ஆகவே ண, ஞ, ஐ போன்ற வளைவு மிகுந்த எழுத்துகளில் படிக்கட்டுபோன்ற ஓரங்கள் எளிதில் அகப்பட்டுவிடுகின்றன. சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளிக்குக் கிடைப்பவை இரண்டு மூன்று பிக்சல்கள் மட்டுமே. அது மங்கினால் ‘பட்டு’ ‘படடு’ ஆகிவிடும் என்பதால், தமிழில் நிறையப் படிப்பவர்கள் கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, தாங்கள் வழக்கமாகப் பிடிக்கும் தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

அம்மாவின் நிறைவுக்குத் தொலைவு மட்டுமே காரணமன்று. அவருடைய வெள்ளெழுத்தும் பிசிறை மழுப்பியிருந்தது. சென்ற மாதம் புதிய கண்ணாடி அணிந்ததும் திரையை 35 செ.மீ.க்கு நெருக்கிக்கொண்டார். அந்தத் தொலைவுக்கு அங்குலத்துக்கு 250 தேவை. மறுநாள் காலையில், “பேத்தி சொன்ன பிசிறு எனக்கும் தெரிகிறதப்பா” என்றார். எழுத்தின் அளவை இரண்டு படி கூட்டிக் கொடுத்திருக்கிறேன். வளைவுகளுக்கும் புள்ளிகளுக்கும் இப்போது கூடுதல் பிக்சல்கள் கிடைக்கின்றன.